இயேசு ஜெபம்: ஒற்றை வரி வேண்டுதலின் வரலாறு

கிழக்குத் திருச்சபைகளில் ‘இயேசு ஜெபம்’ என்று பெயர்பெற்ற வேண்டுதலை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். இயேசு கிறிஸ்துவை ஆண்டவர் என்றும் தேவகுமாரன் என்றும் அழைத்து, பாவியாகிய தன்மேல் இரங்கும்படி கேட்பதோடு அது முடிந்துவிடுகிறது. எரிகோவுக்குப் போகும் வழியோரம் உட்கார்ந்திருந்த குருடன் போட்ட கூப்பாடும், தேவாலயத்தில் தலைநிமிராமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் மன்றாட்டும் கலந்து உருவான வரி அது. லூக்கா சுவிசேஷத்தில் இரண்டும் 18-ஆம் அதிகாரத்திலேயே வருகின்றன. இந்த வரியை நடக்கும்போதும் கைவேலை செய்யும்போதும், முடிந்தால் உறக்கத்திலும், உள்ளத்தில் ஓடவிட்டுக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி. எகிப்தியப் பாலைவனத்தில் முளைத்து, சினாய், அத்தோஸ் மலை, மல்தாவியா, ரஷ்யா என்று ஊர் மாறி வந்த இந்தப் பயிற்சியைப் பற்றி எழுந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. இவ்வளவு சிறிய ஜெபத்துக்காகச் சபைச் சங்கங்கள் கூடியிருக்கின்றன. ஒருமுறை போர்க்கப்பலே வந்திருக்கிறது.

தொடக்கம் பவுல் அப்போஸ்தலரின் ஒரு கட்டளை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில், இடைவிடாது ஜெபிக்கும்படி அவர் சொல்லியிருந்தார். நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது ஊக்க வார்த்தையாகக் கேட்டிருக்கும். நான்காம் நூற்றாண்டில் ஊரைவிட்டு வெளியேறிய துறவிகளுக்கோ அது சட்டம். சாப்பிட வேண்டும், உறங்க வேண்டும், வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டும். இவற்றுக்கிடையே இடைவிடாமல் ஜெபிப்பது எப்படி?

தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று வணங்கும் அந்தோணியார் (சுமார் 251-356) இந்தத் துறவிகளின் முன்னோடி. அவருக்குப் பின் வந்தவர்கள் நைல் நதியின் மேற்கே நித்திரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் என்னும் மூன்று இடங்களில் பெருந்தொகையாகக் குடியேறினர். ஸ்கேத்திஸ் இன்று வாதி நட்ரூன் எனப்படுகிறது. மக்காரியார் சுமார் 330-இல் தொடங்கிவைத்த துறவு வாழ்வு அங்கே இன்றும் அறுபடாமல் தொடர்கிறது. பனையோலையில் கயிறு திரிப்பது, கூடை முடைவது இவர்களுடைய தொழில். கைக்கு வேலை, வாய்க்கு மனப்பாடமான சங்கீதம். எப்படி ஜெபிப்பது என்று கேட்டவர்களிடம் மக்காரியார் நீட்டி முழக்க வேண்டாம் என்றார்: கைகளை விரித்து இரக்கம் கேட்டால் போதும், போராட்டம் கடுமையானால் உதவி என்று ஒரு சொல் கூப்பிட்டால் போதும்.

ஜெபத்தை எண்ணிக்கையாகப் பார்க்கும் பழக்கமும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. பெர்மே என்னும் இடத்தில் இருந்த பவுல் என்ற துறவி ஒரு நாளைக்கு முந்நூறு ஜெபம் சொல்வார். அத்தனை கூழாங்கற்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜெபம் முடிந்ததும் ஒன்றை எறிவார். கிராமத்தில் ஒரு கன்னிப்பெண் எழுநூறு சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு மனமுடைந்து, அலெக்சாந்திரிய மக்காரியார் என்னும் வேறொரு துறவியிடம் போய் அழுதார். மக்காரியார் தாம் நூறுதான் சொல்வதாகவும், கைவேலை செய்து பிழைப்பதாகவும், தேடி வருகிற சகோதரர்களைக் கவனிப்பதாகவும் சொல்லி, தம் மனம் தம்மைக் குற்றப்படுத்தவில்லை என்றார். முந்நூறு சொல்லியும் மனம் உறுத்துகிறதென்றால் கோளாறு எண்ணிக்கையில் இருக்க முடியாது. பின்வந்த நூற்றாண்டுகள் இந்தப் பதிலை மறந்து மறந்து மீண்டும் கண்டுபிடித்தன.

பவுலின் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மெசப்பொத்தாமியாவில் தோன்றிய மெசாலியர் ஜெபத்தைத் தவிர வேறு வேலை கூடாது என்று கைத்தொழிலையே விட்டார்கள். அலெக்சாந்திரியாவுக்கு அருகில் வாழ்ந்த லூசியு என்ற மூத்த துறவியிடம் அவர்களில் சிலர் வந்த கதை பாலைவனத் தந்தையரின் பொன்மொழித் தொகுப்பில் உண்டு. சாப்பிடுகிறீர்களா, உறங்குகிறீர்களா என்று அவர் கேட்டார். ஆம் என்றார்கள். அந்த நேரத்தில் உங்களுக்காக யார் ஜெபிக்கிறார் என்றதும் பதில் இல்லை. தம் வழியை அவரே விளக்கினார்: இரக்கம் கேட்கும் சங்கீத வசனத்தைச் சொல்லியபடியே நாளெல்லாம் கயிறு முறுக்கினால் பதினாறு காசு கிடைக்கிறது. அதில் இரண்டை வாசலில் வைத்துவிட்டு மீதியில் உண்கிறேன். நான் சாப்பிடும்போதும் உறங்கும்போதும் அந்த இரண்டு காசை எடுத்தவன் எனக்காக ஜெபிக்கிறான்; அப்படி என் ஜெபம் இடைவிடாததாகிறது. மெசாலியரை 431-இல் கூடிய எபேசுச் சங்கம் கண்டித்தது. கொன்ஸ்தாந்திநோபிளில் இன்னொரு கூட்டம் வேறு வழி கண்டது. ‘உறங்காதவர்’ என்று பெயர் வாங்கிய அந்த மடத்தினர் பாடற்குழுக்களாகப் பிரிந்து, இரவும் பகலும் முறைவைத்துப் பாடி, மடத்தில் ஜெபக்குரல் ஓயாமல் பார்த்துக்கொண்டார்கள். மடம் இடைவிடாமல் ஜெபித்தது உண்மை. தனி ஆள் ஜெபித்தாரா என்பது அப்படியே நின்றது.

தனி ஆளுக்கான விடையைத் தெளிவாக வகுத்தவர்கள் இருவர். ஒருவர் எவாகிரியு. கொன்ஸ்தாந்திநோபிளில் பேர்பெற்ற பிரசங்கியாக இருந்து, மணமான ஒரு பெண்ணின்மேல் கொண்ட காதலுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர். சுமார் 383-இல் எகிப்துக்கு வந்து, நூல்களைப் படியெடுத்து எழுதிப் பிழைத்து, 399-இல் கெல்லியா பாலைவனத்தில் இறந்தார். மனத்தைக் கலைக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தது இவர்தான். மேற்கே ஏழு கொடும்பாவங்கள் என்று பின்னர் வழங்கிய பட்டியல் இதிலிருந்து வந்தது. ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிராக எய்ய வேண்டிய வேதவசனங்களை நூற்றுக்கணக்கில் தொகுத்தும் வைத்தார். ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் 153 பகுதிகள். யோவான் சுவிசேஷத்தின் முடிவில் வலையில் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை அது. 553-ஆம் ஆண்டில் முற்கால இறையியலாளர் ஒரிகேனின் போதனைகளோடு சேர்த்து எவாகிரியுவின் கருத்துகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆனாலும் அந்த நூல் நீலு என்ற வேறொருவரின் பெயரில் மடத்துக்கு மடம் படிக்கப்பட்டு வந்தது. கண்டனம் செய்த சபைக்கே பல நூற்றாண்டுகள் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பது வரலாற்றின் சுவையான முரண்.

மற்றவர் யோவான் காசியான். எகிப்தியத் துறவிகளிடம் பல ஆண்டுகள் கேட்டறிந்தவற்றை, சுமார் 415-இல் மார்செய் நகரில் குடியேறிய பின் இருபத்து நான்கு உரையாடல்களாக எழுதினார். அவற்றில் பத்தாவது, ஈசாக்கு என்ற துறவியின் அறிவுரை. உதவிக்கு விரைந்து வரும்படி தேவனைக் கேட்கும் 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பிடித்துக்கொள். பசியிலும் சோர்விலும் கர்வத்திலும் காமத்திலும் அதையே சொல். தூங்கப் போகும்போதும் எழும்போதும் அதையே சொல் என்கிறார் ஈசாக்கு. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தபோது காசியானைப் படிக்கச் சொன்னார். மேற்கத்திய மடங்களில் ஜெபவேளை ஒவ்வொன்றும் அந்த வசனத்தோடு தொடங்குவது இன்றும் வழக்கம்.

காசியானின் வரியில் இயேசுவின் பெயர் இல்லை. பெயர் வந்து சேர்ந்தது ஐந்தாம் நூற்றாண்டில். எப்பிரு பகுதியில் போத்திக்கே என்ற ஊரின் ஆயர் தியாதோக்கு, மனம் ஒரு நொடியும் சும்மா இராது, அதற்கு ஏதேனும் வேலை தர வேண்டும், அந்த வேலை ஆண்டவராகிய இயேசுவை அழைப்பது மட்டுமாக இருக்கட்டும் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் காசாவின் அருகே இருந்த மடம் ஒன்றில் இந்தப் பயிற்சி அன்றாட வாழ்வில் எப்படி நடந்தது என்பதைக் காண முடிகிறது. அங்கே பர்சனூபியு என்ற துறவி அறைக்குள்ளேயே அடைந்திருந்து, மடத்தலைவரைத் தவிர யாரையும் பார்க்காமல், கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் பதில் எழுதினார். அவரும் அவருடைய தோழர் யோவானும் எழுதிய ஏறத்தாழ 850 கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே ஒரு சகோதரர் சந்தேகப்பட, ஒருநாள் வெளியே வந்து எல்லாருடைய கால்களையும் கழுவிவிட்டு மீண்டும் உள்ளே போனார் என்று சொல்வார்கள்.

அதே மடத்து நோயாளர் விடுதியில் தொரோத்தேயு என்பவரின் கீழ் தொசித்தேயு என்ற இளைஞன் வேலை செய்தான். செல்லமாக வளர்ந்த பையன், கோபக்காரன். இயேசுவை அழைத்து இரக்கம் கேட்பதையும் உதவி கேட்பதையும் மாறி மாறிச் சொல்லும்படி தொரோத்தேயு அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். நோயாளிகளின் படுக்கையை விரித்துக்கொண்டே அவன் அதைச் சொன்னான். ஐந்து ஆண்டுகளில் இரத்தம் கக்கும் நோய் வந்து படுத்தான். ஜெபத்தை விடாதே என்றார் தொரோத்தேயு. சில நாள் கழித்து, இனிச் சொல்லத் தெம்பில்லை என்றான் பையன். அப்படியானால் விட்டுவிடு, தேவன் முன்னால் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டால் போதும் என்றார் ஆசான். பயிற்சியின் எல்லை எது என்று பக்கம் பக்கமாக எழுதிய பிற்காலத்தார் எவரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிடவில்லை.

சினாய் மலையடிவாரத்தில் யுஸ்தினியான் பேரரசர் கட்டிய மடத்தில் ஏழாம் நூற்றாண்டில் தலைவராக இருந்த யோவான், முப்பது படிகள் கொண்ட ‘ஏணி’ என்ற நூலை எழுதி, நூலின் பெயராலேயே கிளிமாக்கு என்று அழைக்கப்பட்டார். இயேசுவின் நினைவை மூச்சோடு இணைக்கச் சொன்னவர் அவர். உவமையாகச் சொன்னாரா, உடற்பயிற்சியாகச் சொன்னாரா என்று பிற்காலத்தார் வாதிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் கெல்லியாவில் ஒரு துறவி தம் அறைச் சுவரில் கொப்தியத்தில் ஒரு தற்காப்பு எழுதினார். 1960-களின் அகழாய்வில் வெளிப்பட்ட அந்தச் சுவரெழுத்து, எப்போதும் ஆண்டவராகிய இயேசு என்றே சொன்னால் பிதாவையும் பரிசுத்த ஆவியையும் விட்டுவிடுகிறாயே என்று பேய்கள் கிளப்பும் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறது. பேயின் வாயில் வைத்த கேள்வியை யாரோ சகோதரர் கேட்டிருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

அதன்பின் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பயிற்சி அமைதியாக ஓடியது. எகிப்தும் சினாயும் அரபு ஆட்சியின்கீழ் போக, துறவு வாழ்வின் மையம் கிரேக்கத்தின் வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் அத்தோஸ் மலைக்கு மாறியது. அங்கே பெரிய லவ்ரா மடம் 963-இல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியிலிருந்து வந்து கிழக்குத் திருச்சபையில் சேர்ந்த நிக்கெபோரு என்ற அத்தோஸ் துறவி, மூச்சை உள்ளிழுக்கும்போது மனத்தையும் அதனுடன் இதயத்துக்குள் இறக்கி, அங்கேயே ஜெபத்தை நிறுத்தும் முறையை எழுதிவைத்தார். சிமியோன் என்ற பழைய இறையியலாளரின் பெயரில் உலவிய இன்னொரு கையேடு, மூலையில் உட்கார்ந்து, தாடியை மார்பில் பதித்து, கண்ணை வயிற்றின் நடுவில் நிறுத்தி, மூச்சை மெதுவாக்கச் சொன்னது. சினாய்க் கிரகோரி வந்து சேர்ந்தபோது அத்தோஸ் முழுவதிலும் இந்த உள்ஜெபம் தெரிந்தவர் மூன்றே பேர் என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது. துருக்கரிடம் சிறைப்பட்டு மீண்டு, சைப்பிரசு, சினாய் எல்லாம் சுற்றி, கிரேத்தே தீவில் அர்சேனியு என்ற முதியவரிடம் இதைக் கற்றவர் கிரகோரி. ஒரு சாண் உயர முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, கழுத்தும் தோளும் வலிக்க வலிக்கப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். கடற்கொள்ளையருக்குப் பயந்து பின்னர் பல்கேரிய எல்லைக்குப் போனார். அவருடைய சீடர்கள் வழியாகப் பயிற்சி ஸ்லாவிய நாடுகளுக்குப் பரவியது.

கண்ணை வயிற்றில் நிறுத்துவது வெளியாருக்கு வேடிக்கையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற கிரேக்க அறிஞர், இவர்களுக்கு ஆன்மா தொப்புளில் இருக்கிறது என்று ஏளனம் செய்தார். ஏளனத்துக்குப் பின்னால் ஒரு தத்துவக் கேள்வியும் இருந்தது. தேவன் அறிவுக்கு எட்டாதவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம்; பிறகு ஜெபத்தில் இந்தத் துறவிகள் காண்பதாகச் சொல்லும் ஒளி எது? அது தேவன் என்றால் எட்டாதவர் எட்டிவிட்டார்; தேவன் இல்லை என்றால் வெறும் மயக்கம். துறவிகளின் சார்பில் பதில் எழுதியவர் கிரகோரி பலமா. 1296-இல் பிறந்து, அரசவையில் வளர்ந்து, அத்தோசுக்குப் போனவர். தேவனின் சாரம் எவருக்கும் எட்டாது, அவருடைய ஆற்றல்களோ மனிதர் பங்குபெறும்படி வெளிப்படுகின்றன, அவையும் தேவனே என்று அவர் பிரித்துக் காட்டினார். உடலைப் பற்றி அவர் சொன்னது இன்னும் துணிச்சலானது: உடல் ஆன்மாவின் சிறை இல்லை, வார்த்தையானவரே உடல் எடுத்தபின் அதை ஜெபத்திலிருந்து விலக்கிவைக்க முடியாது. மூச்சு முறை புதிதாக வருபவர்களுக்கு ஓர் உதவி, அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

1341 ஜூன் 10 அன்று கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியாவில், பேரரசர் மூன்றாம் அந்திரோனிக்கு தலைமையில் சங்கம் கூடி பர்லாமைக் கண்டித்தது. ஐந்தாம் நாள் பேரரசர் இறந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. இறையியல் சண்டை அரசியல் சண்டையோடு பின்னிக்கொண்டது. பலமா சிறையில் கிடந்தார். 1347-இல் வெளிவந்து தெசலோனிக்கேயின் பேராயரானார். 1351-இல் கூடிய சங்கம் அவருடைய போதனையை உறுதிசெய்தது. 1368-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு அவருக்கு உரியது. தோற்ற பர்லாம் இத்தாலிக்குத் திரும்பி, அவிஞ்ஞோனில் கவிஞர் பெத்ரார்க்காவுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க முயன்றார். மாணவருக்கு மொழி பிடிபடவில்லை.

இடைவிடாத ஜெபம் துறவிகளுக்கு மட்டும் உரியதா என்ற வழக்கும் இதே காலத்தது. எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரியது என்று பலமா சொன்னபோது, யோபு என்ற வயதான துறவி ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு தேவதூதன் காட்சியளித்துத் தம்மைத் திருத்தியதாக வந்து மன்னிப்புக் கேட்டார் என்று பலமாவின் சரித்திரம் கூறுகிறது. அவருடைய காலத்தவரான நிக்கோலா கபாசிலா துறவியாக இராதவர்களுக்காகவே எழுதினார். தளபதி படையை நடத்தட்டும், உழவன் உழட்டும், யாரும் வேலையை விட வேண்டாம், பாலைவனத்துக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே நினைவு தொடரலாம் என்பது அவர் கருத்து.

1453-க்குப் பின் பைசாந்திய உலகம் உஸ்மானியர் கையில் போனது. ரஷ்யாவில் நில் சோர்ஸ்கி (சுமார் 1433-1508) அத்தோசில் கற்றதைச் சோரா ஆற்றங்கரையின் சதுப்புக் காட்டில் சிறு குடில்களில் நடத்திக்காட்டினார். மடங்களுக்குக் கிராமங்களும் குடியானவர்களும் சொத்தாக இருக்கக் கூடாது, துறவி உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று 1503 சங்கத்தில் அவர் பேசியது எடுபடவில்லை. மடங்கள் செல்வம் சேர்க்க, உள்ஜெபம் மங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்வது கடினம்.

மறுமலர்ச்சி ஒரு புத்தகத்தால் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கொரிந்து ஆயர் மக்காரியோசும் அத்தோஸ் துறவி நிக்கொதேமுவும் மடங்களின் நூலகங்களில் கிடந்த பழைய கையெழுத்துப் படிகளைத் திரட்டி, நான்காம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையிலான எழுத்துகளை ‘பிலோகாலியா’ என்ற பெயரில் 1782-இல் வெனிசில் அச்சிட்டார்கள். எவாகிரியு, தியாதோக்கு, நிக்கெபோரு, சினாய்க் கிரகோரி, பலமா எல்லாரும் ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல் விரியும் ஒரே பெரும் நூலுக்குள் வந்தார்கள். இது எல்லாருக்கும் என்று நிக்கொதேமு முன்னுரையில் வாதிட்டார். மேற்குத் திருச்சபையைக் கடுமையாக விமர்சித்த இதே நிக்கொதேமு, லொரென்சோ ஸ்கூப்போலி என்ற இத்தாலியக் கத்தோலிக்கத் துறவியின் ஆன்மிகக் கையேட்டைத் திருத்தி ‘காணாத போர்’ என்று 1796-இல் கிரேக்கத்தில் வெளியிட்டார். இயேசு சபையினரின் தியானப் பயிற்சிகளையும் அப்படியே எடுத்து ஆண்டார். ஜெபிக்கிறவர்களிடையே கடன் வாங்கல் எப்போதும் நடந்திருக்கிறது. சண்டை போட்டவர்களே அதிகம் கடன் வாங்கினார்கள்.

பிலோகாலியாவை ஸ்லாவிய மொழியில் கொண்டுவந்தவர் பாய்சி வெலிச்கோவ்ஸ்கி (1722-1794). பொல்தாவாவில் பிறந்து, வழிகாட்டியைத் தேடி அத்தோஸ் போய், ஒருவரும் கிடைக்காமல் பழைய நூல்களையே வழிகாட்டியாக்கிக்கொண்டவர். பிறகு மல்தாவியாவில் நெயாம்த்சு மடத்தில் நூற்றுக்கணக்கான துறவிகளை நடத்தினார். தம் மொழிபெயர்ப்பை அச்சிட அவருக்கு முதலில் மனமில்லை. கையெழுத்துப் படி ஆசானிடமிருந்து சீடனுக்குப் போகும். அச்சுப் புத்தகம் யார் கைக்கும் போகும். ஆசான் இல்லாமல் மூச்சைப் பிடித்துப் பார்ப்பவன் மனம் கெட்டுப்போவான் என்று அஞ்சினார். கடைசியில் 1793-இல் மாஸ்கோவில் அது அச்சானது. அவருடைய சீடர்களின் சீடர்கள் கலூகா மாகாணத்து ஒப்தினா மடத்தை உயர்த்தினார்கள். மூத்த துறவி ஒருவரிடம் மனத்தில் ஓடும் எண்ணம் அனைத்தையும் அன்றன்றே சொல்லி வழி கேட்பது அங்கே நடைமுறை. மகன் இறந்த துயரத்தில் 1878-இல் தஸ்தயேவ்ஸ்கி அம்புரோசு என்ற மூப்பரைத் தேடி வந்தது அங்கேதான். ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் சோசிமா பாத்திரத்தில் அந்தச் சந்திப்பின் தடம் உண்டு. கோகலும் தல்ஸ்தோயும் வந்திருக்கிறார்கள்.

1880-களில் கசான் நகரில் ஒரு சிறு நூல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. ஒரு கை சூம்பிப்போன ஏழை யாத்திரிகன் ஒருவன், பையில் காய்ந்த ரொட்டியும் வேதாகமமுமாக, இடைவிடாமல் ஜெபிப்பது எப்படி என்று ஊர் ஊராகக் கேட்டு அலைகிறான். பவுலின் வார்த்தையிலிருந்து பாலைவனத்தார் எழுப்பிய அதே கேள்வி. ஒரு மூப்பர் அவனுக்கு ஜெபமாலையைத் தந்து நாளுக்கு மூவாயிரம், பிறகு ஆறாயிரம், பிறகு பன்னிரண்டாயிரம் தடவை இயேசு ஜெபம் சொல்லச் செய்கிறார். கடைசியில் ஜெபம் தானாக ஓடத் தொடங்குகிறது. கதை இனிமையானது, நடை எளிமையானது, ஆனால் பயிற்சிக்குக் கையேடாகப் பார்த்தால் இது அத்தனை நம்பத்தக்க நூல் இல்லை. பன்னிரண்டாயிரத்தை எட்ட அவனுக்குச் சில வாரங்களே ஆகின்றன. பழைய ஆசிரியர்கள் எல்லாரும் அதற்கு ஆயுளையே ஒதுக்கினார்கள். பிலோகாலியாவை ரஷ்ய மொழியில் ஐந்து பாகங்களாக அதே காலத்தில் கொண்டுவந்த ஆயர் தேயோபானு, மூச்சு முறை வரும் பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். வித்தையைப் பிடித்துக்கொண்டு மனந்திரும்புதலை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சண்டை மூச்சிலிருந்து பெயருக்கு மாறியது. காக்கசு மலையில் தனித்திருந்த இலாரியோன் என்ற துறவி 1907-இல் வெளியிட்ட நூலில், ஜெபிக்கும்போது தேவனுடைய பெயரில் தேவனே இருக்கிறார் என்றார். அத்தோசின் ரஷ்ய மடங்களில் பாதிப் பேர் அதை ஏற்றார்கள், பாதிப் பேர் எதிர்த்தார்கள். ஏற்றவர்களின் தலைவர் அந்தோனி புலாத்தோவிச் முன்னாள் குதிரைப்படை அதிகாரி; எத்தியோப்பிய அரசர் மெனெலிக்கின் படையோடு பயணம் செய்து வரைபடங்கள் வரைந்தவர். 1913-இல் ரஷ்யத் திருச்சபையின் ஆளுகைச் சங்கம் அந்தக் கருத்தைக் கண்டித்தது. ஜூனில் ‘தொனெத்ஸ்’ என்ற போர்க்கப்பல் அத்தோசுக்கு வந்தது. படைவீரர்கள் தண்ணீர்க் குழாய்களைப் பாய்ச்சித் துறவிகளை வெளியே இழுத்து, எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஒதெசாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெபம் சொல்லும் முறைக்காக இத்தனை பேர் ஒரே நேரத்தில் நாடு கடத்தப்பட்டது இந்த வரலாற்றில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கருத்து மாஸ்கோவின் அறிவுலகில் தொடர்ந்து வாழ்ந்தது. கணிதப் பேராசிரியர் திமீத்ரி யெகோரவ் அதைப் பின்பற்றியவர். 1930-இல் சோவியத் அரசு அவரைக் கைதுசெய்தது, அடுத்த ஆண்டு கசானில் இறந்தார்.

பொதுவுடைமை ஆட்சி ஒப்தினாவை மூடியது. ருமேனியாவில் தும்மித்ரு ஸ்தனிலொவாயே 1946-இல் தொடங்கிய பிலோகாலியா மொழிபெயர்ப்பு, அவர் சிறையிலிருந்த ஆண்டுகளையும் தாண்டி, பன்னிரண்டாம் பாகத்தோடு 1991-இல்தான் முடிந்தது. மேற்கே இந்த ஜெபம் புத்தகக் கடை வழியாகப் போனது. யாத்திரிகனின் கதை 1930-இல் ஆங்கிலத்தில் வந்தது. சாலிஞ்சர் 1961-இல் வெளியிட்ட ‘ஃபிரானி அண்ட் ஜூயி’யில் கல்லூரி மாணவி ஒருத்தி அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபத்தை முணுமுணுத்தபடி மனமுடைந்துபோகிறாள். ஆசான் இல்லாத வாசகருக்கு என்ன ஆகும் என்று பாய்சி அஞ்சியதை நாவலாசிரியர் கதையாக்கிக் காட்டிவிட்டார். தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்தை 1968 முதல் நடத்திய ஆங்கிலேயப் பெனடிக்டுத் துறவி பீட் கிரிஃபித்ஸ் (1906-1993), தம் அன்றாடத் தியானத்தில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தது இயேசு ஜெபமே. நாமஜெபம் தெரிந்த மண்ணில் அதை விளக்க அவர் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

அத்தோசில் துறவிகளின் தொகை 1971-இல் 1,145-ஆக இறங்கி, மடங்களே முடிந்துவிடும் என்ற நிலை வந்தது. 1959-இல் இறந்த யோசேப்பு என்ற மூப்பர் குகையிலும் குடிலிலும் வாழ்ந்து சில சீடர்களுக்கு மட்டுமே இந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தச் சிலர் 1970-களிலிருந்து பாழடைந்த மடங்களுக்குத் தலைவர்களாகப் போக, இளைஞர்கள் பின்தொடர்ந்தார்கள். இப்போது அங்கே துறவிகள் நள்ளிரவை ஒட்டி எழுந்து, கம்பளி நூலில் நூறு முடிச்சுப் போட்ட ஜெபக்கயிற்றை விரலால் நகர்த்தியபடி அறையில் தனியே இயேசு ஜெபம் சொல்கிறார்கள். பிறகு கோவில் வழிபாடு. விடிந்ததும் சமையல், தச்சு, தோட்டம், மீன்பிடி. ஓர் இரவில் கயிற்றை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை மூப்பர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்கிறார். துறவி தாமாக அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.